பச்சைப் புல்லின் விலை: லாஸ் வேகாஸும் கலிஃபோர்னியாவும்

2014 ஜூலையில் தெற்குக் கலிஃபோர்னியாவின் கிளெண்டோரா நகரில் ஒரு தம்பதிக்கு நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. முன்முற்றத்துப் புல் பழுப்பேறிவிட்டது, பச்சையாக்காவிட்டால் 500 டாலர் வரை அபராதம் என்று எழுதியிருந்தது. அதே வாரத்தில்தான், குடிநீரை வெளியில் வீணாக்குவோருக்கு நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம் விதிக்கலாம் என்று மாநில நீர் வாரியம் விதி இயற்றியது. தண்ணீர் ஊற்றினாலும் தண்டனை, ஊற்றாவிட்டாலும் தண்டனை.

அங்கே கடிதம் அனுப்பியது நகராட்சி. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது வீட்டு உரிமையாளர் சங்கம். புதிதாகக் கட்டிய குடியிருப்பில் வீடு வாங்கினால் பத்திரத்தோடு சேர்ந்தே உறுப்பினர் பொறுப்பும் வந்துவிடும். விருப்பமில்லை என்று விலகிக்கொள்ள முடியாது. மாதாமாதம் கட்டணம் உண்டு. வீட்டுக்கு என்ன நிறம் பூசலாம், முற்றத்தில் என்ன நடலாம் என்பதற்கெல்லாம் உடன்படிக்கை விதிகள் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர், சம்பளமில்லாமல், நிர்வாகக் குழுவாக இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியாவில் மட்டும் இப்படிச் சுமார் 50,000 சங்கங்கள் இருக்கின்றன. ஃப்ரீமாண்ட், சான் ரமோன், இர்வைன் பக்கம் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பழகிய உலகம்.

இச்சங்கங்களின் ஆண்டு பட்ஜெட்டில் காப்பீட்டைக் குழுவால் குறைக்க முடியாது. நிர்வாக நிறுவனத்தின் கட்டணத்தையும் பெரிதாகக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடிய பெரிய செலவு தோட்டமும் அதற்கான தண்ணீரும்தான். வறட்சி வந்தால் அடிபடுவதும் அதுதான். இந்த நெருக்கடியை அடுத்தடுத்துள்ள இரு மாநிலங்கள் எதிர்கொண்ட விதம் வேறுவேறு. நெவாடாவின் லாஸ் வேகாஸ் பள்ளத்தாக்கையும் கலிஃபோர்னியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சங்கத்தின் பொருளாளருக்கு எந்த வழி உதவியது, எந்த வழி அவரைத் தவிக்கவிட்டது என்பது தெரியும்.

இரண்டுக்கும் பொதுவானது கொலராடோ ஆறு. அதன் கீழ்ப்பகுதியில் கலிஃபோர்னியாவுக்கு ஆண்டுக்கு 44 லட்சம் ஏக்கர் அடி, அரிசோனாவுக்கு 28 லட்சம், நெவாடாவுக்கு வெறும் 3 லட்சம் என்பது 1920-களில் போட்ட பங்கீடு. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர்தான் ஏக்கர் அடி. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 12.3 லட்சம். அன்று லாஸ் வேகாஸ் ஒரு சிற்றூர். அந்தப் பங்கு போதும் என்று நினைத்தார்கள். இன்று அந்தப் பள்ளத்தாக்கில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அவர்களுடைய தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு, அந்த ஆற்றின் நீர்த்தேக்கமான மீட் ஏரியிலிருந்து வருகிறது. மழை ஆண்டுக்கு 4 அங்குலம், அதாவது 100 மில்லிமீட்டர் அளவுதான்.

லாஸ் வேகாஸ் புல்லைக் குறிவைத்ததற்கான காரணம் அதன் நீர்க்கணக்கில் இருக்கிறது. அங்கே வீட்டுக்குள் செலவாகும் நீர், அது குளியலறையில் போனாலும் கழிப்பறையில் போனாலும், சாக்கடை வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், லாஸ் வேகாஸ் வாஷ் என்ற ஓடை வழியாக மீண்டும் மீட் ஏரியில் சேர்கிறது. திருப்பி விட்ட ஒவ்வோர் ஏக்கர் அடிக்கும் ஈடாக இன்னோர் ஏக்கர் அடி எடுத்துக்கொள்ளலாம். ஆகவே சூதாட்ட விடுதியின் குளியல் தொட்டி அந்த நகரத்தின் கணக்கில் பெரிய செலவே இல்லை. புல்லின் மேல் தெளிக்கும் நீர் அப்படியல்ல. காற்றில் ஆவியாகவோ மண்ணில் இறங்கியோ போய்விடும், திரும்ப வராது. எனவே நெவாடாவின் 3 லட்சம் ஏக்கர் அடியைக் கரைப்பது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே ஓடும் நீர்தான். கடலோரக் கலிஃபோர்னியாவின் நிலை வேறு. அங்கே சுத்திகரித்த கழிவுநீரில் பெரும்பகுதி நெடுங்காலம் பசிபிக் கடலுக்கே போய்வந்தது. அங்கே வீட்டுக்குள் மிச்சப்படுத்துவதும் மிச்சம்தான், வெளியே மிச்சப்படுத்துவதும் மிச்சம்தான். ஆகவே புல்லை மட்டும் தனியே எடுத்துப் பேசும் கட்டாயம் கலிஃபோர்னியாவுக்குச் சீக்கிரம் வரவில்லை.

1991-இல் தொடங்கப்பட்ட தெற்கு நெவாடா நீர் ஆணையம் முதலில் செய்தது அளப்பது. வீட்டுத் தோட்டங்களில் தனி மீட்டர் வைத்துப் பல ஆண்டுகள் அளந்தார்கள். 2005-இல் முடிவு வெளிவந்தது. ஒரு சதுர அடிப் புல்லுக்கு ஆண்டுக்கு 73 காலன், அதாவது சுமார் 276 லிட்டர் செலவாகிறது. அதே இடத்தில் பாலைநிலச் செடிகளை நட்டுச் சொட்டுநீர் போட்டால் 17.2 காலன், சுமார் 65 லிட்டர். மிச்சம் நூற்றுக்கு 76. பராமரிப்புச் செலவும் உழைப்பும்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. சங்கக் கூட்டத்தில் ‘புல்லை எடுத்தால் உண்மையிலேயே எவ்வளவு மிச்சமாகும்?’ என்று ஒருவர் எழுந்து கேட்டால், குழுவினர் காட்டுவதற்கு உள்ளூரிலேயே அளந்த எண் கையில் இருந்தது. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். தோட்டத்தைப் பற்றிய வாக்குவாதங்களில் பெரும்பாலானவை எண் இல்லாததால் நீள்பவை.

அளந்த பிறகு பணம் கொடுத்தார்கள். எடுத்த புல்லுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மானியம். நிபந்தனைகளும் கறாராக இருந்தன. செடிகள் வளர்ந்து நிற்கும்போது நிலத்தின் பாதியையாவது அவற்றின் தழை மூடியிருக்க வேண்டும். பாசனம் சொட்டுநீராக இருக்க வேண்டும். அந்த இடத்தில் மீண்டும் புல் வராது என்று சொத்தின் மேலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டை விற்றாலும் அந்த உறுதி வாங்குபவரைக் கட்டும். 2003-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புது வீடுகளின் முன்முற்றத்தில் புல் போடுவதற்கே தடை வந்தது. பின்முற்றத்தில் பாதிக்குமேல் கூடாது. இப்படி 20 கோடி சதுர அடிக்கு மேல் புல் எடுக்கப்பட்டது. 2002-இல் தன் 3 லட்சம் ஏக்கர் அடிப் பங்கைத் தாண்டிச் செலவழித்த ஊர், மக்கள்தொகை பல லட்சம் கூடிய பிறகு, 2023-இல், திருப்பி விட்டது போக, 2 லட்சத்துக்கும் குறைவாகவே ஆற்றிலிருந்து எடுத்தது.

மானியத்தால் மட்டும் எல்லாப் புல்லும் போகவில்லை. மிஞ்சியதில் கணிசமான பங்கு சங்கங்களின் பொது இடங்களிலும் அலுவலக வளாகங்களிலும் சாலை நடுவேயும் இருந்தது. நடைபாதைக்கும் தார்ச்சாலைக்கும் இடையே சில அடி அகலத்தில் ஓடும் பட்டைப் புல்லை நினைத்துப் பாருங்கள். குழந்தைகள் அங்கே விளையாடுவதில்லை, யாரும் உட்காருவதும் இல்லை. தெளிப்பான் வட்டமாகச் சுற்றித் தெளிக்கிறது. பட்டையோ நீளமாக, ஒடுங்கலாக இருக்கிறது. வட்டத்தில் நல்ல பங்கு சிமெண்டின் மேலும் சாலையின் மேலும் விழுந்து, ஓரக் கால்வாயில் ஓடிப் போகிறது. புல்வெட்டும் தொழிலாளி ஒருவரைத் தவிர வேறு எவர் காலும் படாத புல் என்று லாஸ் வேகாஸில் இதைச் சொல்வார்கள். 2021 ஜூனில் ஆளுநர் ஸ்டீவ் சிசோலாக் கையெழுத்திட்ட சட்டம் இந்தப் பயனற்ற புல்லைத்தான் பிடித்தது. 2026 டிசம்பர் 31-க்குப் பிறகு அதற்குக் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது. தனி வீடுகளின் முற்றங்களுக்கு விலக்கு உண்டு. பள்ளி, பூங்கா, கல்லறைத் தோட்டங்களுக்கும் விலக்கு. சங்கங்களின் பொது இடங்களுக்கு இல்லை. சட்டம் வந்து இரண்டு மாதத்தில், ஆகஸ்டில், கொலராடோ ஆற்றில் வரலாற்றிலேயே முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, நெவாடாவின் பங்கில் 21,000 ஏக்கர் அடி வெட்டு விழுந்தது. மறு ஆண்டு கோடையில் மீட் ஏரியின் மட்டம் 1,040 அடிக்கு இறங்கியது; 1930-களில் நிரம்பத் தொடங்கிய பிறகு அவ்வளவு தாழ்வாக அது இருந்ததில்லை.

சங்கப் பொருளாளரின் மேசையிலிருந்து பார்த்தால் அந்தச் சட்டம் கொடுத்த பெரிய உதவி, ஐந்தரை ஆண்டு அவகாசமும் மாறாத ஒரு கெடுவும். எந்தத் தெரு முதலில், எது கடைசியில் என்று ஆண்டுவாரியாகப் பிரித்துக்கொள்ள முடிந்தது.

கலிஃபோர்னியா வேறு முனையிலிருந்து தொடங்கியது. அங்கே சட்டம் முதலில் கேட்ட கேள்வி, வறட்சியில் சங்கத்திடமிருந்து தனி வீட்டுக்காரரை எப்படிக் காப்பது என்பது. 1985-இன் டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டம்தான் அம்மாநிலச் சங்கங்களுக்கு அடிப்படை. 2014 ஜனவரியில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வறட்சி அவசரநிலையை அறிவித்தபின், அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் இதில் திருத்தங்கள் வந்தன. அவசரநிலையின்போது செடிக்கு நீர் குறைத்ததற்காகவோ நிறுத்தியதற்காகவோ சங்கம் அபராதம் போட முடியாது. புல்லுக்குப் பதில் குறைந்த நீர்ச் செடிகளை வைப்பதைத் தடுக்க முடியாது. அப்படி மாற்றியதை, அவசரநிலை முடிந்ததும் பழையபடி ஆக்கு என்று கேட்கவும் முடியாது. மறுசுழற்சி நீரைத் தோட்டத்துக்கு வழங்கும் சங்கங்களுக்கு மட்டும் அபராத விஷயத்தில் விலக்கு உண்டு, நியாயமான விலக்குதான். நெவாடாவிலும் வறட்சி தாங்கும் தோட்டத்தைச் சங்கம் தடுக்கக் கூடாது என்ற விதி உண்டு. ஆனால் பழுப்புப் புல்லுக்கு அபராதம் என்ற கொடுமையை நேரடியாகக் கையில் எடுத்து, உறுப்பினருக்குக் கவசம் போட்டதில் கலிஃபோர்னியாவின் சட்டம் முழுமையானது. அதை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்தக் கவசம் தனி முற்றத்துக்குத்தான். சங்கத்துக்கே சொந்தமான பொதுப் புல்லை என்ன செய்வது என்பதற்கு அப்போது நிலையான சட்டம் இல்லை. அவசர ஆணைகள்தான் இருந்தன. 2015 ஏப்ரல் 1 அன்று சியரா நெவாடா மலையில், வழக்கமாக ஐந்தடிப் பனி கிடக்கும் இடத்தில், காய்ந்த புல்லின் மேல் நின்றுகொண்டு பிரவுன் அறிவித்தார்: நகரங்கள் நீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க வேண்டும். அன்று பனியிருப்பு வழக்கத்தில் வெறும் 5 சதவீதம். நீர் வழங்கும் அமைப்புகளுக்கு 4 முதல் 36 சதவீதம் வரை வெட்டு பிரித்துக் கொடுக்கப்பட்டது. சாலை நடுப் புல்லுக்குக் குடிநீர் கூடாது என்றும் ஆணை சொன்னது. மக்கள் மதித்தார்கள், முதல் ஓராண்டில் 24.5 சதவீதம் மிச்சமாயிற்று.

பணமும் வந்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் மெட்ரோபாலிடன் நீர் மாவட்டம் புல்லெடுப்பவர்களுக்குச் சதுர அடிக்கு 2 டாலர் தந்தது. கூட்டம் அலைமோதியதால் 2015 மே மாதம் சேமிப்புத் திட்டத்தின் நிதியை 45 கோடி டாலராக உயர்த்தினார்கள். ஜூலைக்குள் தீர்ந்துவிட்டது! இங்கேதான் சங்கங்கள் மாட்டிக்கொண்டன. தனி வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை முடிவெடுத்துத் திங்கட்கிழமை விண்ணப்பிக்கலாம். சங்கம் அப்படிச் செய்ய முடியாது. ஒப்பந்தக்காரர்களிடம் மதிப்பீடு வாங்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்துக் கூட்டம் கூட்ட வேண்டும். வரைபடம் போட வேண்டும். பணம் எங்கிருந்து என்று பார்க்க வேண்டும். இரண்டு மாதத்தில் தீர்ந்துபோகும் மானியம் சங்கத்தின் வேகத்துக்குப் பொருந்தாது. மெதுவாக, முறையாக முடிவெடுத்த சங்கங்களே வாசலில் நின்றன.

பிறகு மழை வந்தது. 2017 ஏப்ரலில் பெரும்பாலான மாவட்டங்களில் அவசரநிலை நீக்கப்பட்டது. தெளிப்பான்கள் திரும்ப ஓடின. அடுத்த மூன்றாண்டு வறட்சி 2020-இல் தொடங்கியது. அம்மாநிலம் பதிவுசெய்ததிலேயே வறண்ட மூன்றாண்டு அது. 2022 ஜூனில் சங்கப் பொது இடங்கள் உட்படப் பயனற்ற புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சத் தடை வந்தது. அதுவும் அவசர விதி. தெற்கில் சுமார் 60 லட்சம் மக்கள் வாழும் பகுதியில் வாரம் ஒரு நாள்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் என்ற கட்டுப்பாடும் சேர்ந்தது. 2015-இல் ஒருமுறை காயவிட்டு, 2017-க்குப் பின் புல்லை மீட்டெடுக்கப் பணம் போட்டு, 2022-இல் மறுபடி காயவிட்ட சங்கத்தின் கணக்கை யோசித்துப் பாருங்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு செலவு. கடைசியில் புல்லும் இல்லை, செடியும் இல்லை.

2023-இல்தான் கலிஃபோர்னியா நெவாடாவின் வழிக்கு வந்தது. அந்த ஆண்டு இயற்றிய சட்டம், பயனற்ற புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சுவதை நிரந்தரமாகத் தடுக்கிறது. அரசு நிலங்களுக்கு 2027 ஜனவரி 1, வணிக வளாகங்களுக்கு 2028 ஜனவரி 1, சங்கங்களின் பொது இடங்களுக்கு 2029 ஜனவரி 1. உறுப்பினர்களின் தனி முற்றங்களுக்கு இங்கும் விலக்கு உண்டு. விளையாட்டுக்கும் கூடலுக்கும் பயன்படும் புல்லைத் தொடவில்லை.

இனிப் பட்ஜெட்டைப் பார்ப்போம். ஒரு கற்பனைச் சங்கம்: கலிஃபோர்னியாவில் 200 வீடுகள், மாதக் கட்டணம் 250 டாலர். ஆண்டு வரவு 6 லட்சம் டாலர். ஓர் ஏக்கர் பயனற்ற புல், அதாவது 43,560 சதுர அடி. எடுத்து மாற்றச் சதுர அடிக்கு 8 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,48,480 டாலர். சதுர அடிக்கு 2 டாலர் மானியம் கிடைத்தால் 87,120 திரும்ப வரும். ஆனால் வேலை முடிந்து, சரிபார்த்த பிறகுதான் வரும். முன்பணம் முழுவதும் சங்கத்தின் கையிலிருந்து போக வேண்டும்.

அந்தக் கை எவ்வளவு நீளும்? கலிஃபோர்னியாச் சட்டப்படி, உறுப்பினர் வாக்கெடுப்பு இல்லாமல் மாதக் கட்டணத்தை முந்தைய ஆண்டைவிட 20 சதவீதம்வரை ஏற்றலாம். சிறப்பு வசூல் ஆண்டுச் செலவு மதிப்பீட்டில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் சங்கத்தில் இது 1,20,000-மும் 30,000-மும், கூட்டினால் 1,50,000. அதாவது உறுப்பினர்களின் கோபத்தை முழுவதும் வாங்கிக்கொண்டு கட்டணத்தை எட்டும்வரை ஏற்றினாலும், ஓர் ஏக்கர் வேலையில் பாதிகூட முடியாது. அதற்கு மேல் என்றால் வாக்கெடுப்பு. பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் பங்கேற்க வேண்டும், அவர்களில் பெரும்பான்மை ஒப்ப வேண்டும். பங்கேற்பே பெரும்பாடு என்பது எந்தச் சங்கத்திலும் குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அதே ஓர் ஏக்கர் லாஸ் வேகாஸில் இருந்தால்? புதுச் சட்டம் வந்த காலத்து மானியம், ஆண்டுக்கு முதல் 10,000 சதுர அடிக்கு 3 டாலர், அதற்கு மேற்பட்டதற்கு ஒன்றரை டாலர். ஒரே ஆண்டில் மொத்தத்தையும் எடுத்தால் 80,340 டாலர். கலிஃபோர்னியாவின் 87,120-ஐவிடக் குறைவுதான். ஆனால் ஆண்டுக்கு 10,000 சதுர அடிக்கு மிகாமல் ஐந்து ஆண்டுகளில் எடுத்தால் முழுப் பரப்புக்கும் 3 டாலர் வீதம் 1,30,680 டாலர். கெடு ஐந்தரை ஆண்டு தள்ளி இருந்ததால் இந்தக் கணக்கைப் போட நேரம் இருந்தது. முதலாண்டு மானியத்தை இரண்டாமாண்டுத் தெருவுக்குப் போடலாம். தண்ணீர்க் கட்டணத்தில் மிஞ்சியதை மூன்றாமாண்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஆண்டில் எடுத்தால் இரு மாநிலத்து மானியமும் தொகையில் கிட்டத்தட்ட ஒன்றே. கலிஃபோர்னியாவில் அது நாளைக்கும் இருக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியவில்லை. லாஸ் வேகாஸில் முடிந்தது. என் பார்வையில் ஒப்பீட்டின் மையம் இதுதான்.

இன்னொரு விஷயத்தைச் சங்கங்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் நெவாடாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் சங்கங்கள் கையிருப்பு நிதி ஆய்வு செய்ய வேண்டும். கூரை, தார்ச்சாலை, நீச்சல்குளப் பம்பு என்று பொதுச் சொத்துகள் ஒவ்வொன்றுக்கும் மிச்ச ஆயுள் எவ்வளவு, மாற்ற எவ்வளவு ஆகும், இப்போது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அது சொல்லும். அந்தப் பட்டியலில் பாசனக் குழாய்களும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் வழக்கமாக இருக்கும். கலிஃபோர்னியாவில் கையிருப்பு நிதியை அப்படிப்பட்ட சொத்துகளைப் பழுதுபார்க்கவும் மாற்றவும்தான் செலவிடலாம். தோட்டத்தை அழகுபடுத்த எடுக்க முடியாது. ஆனால் பழைய தெளிப்பான் குழாய்கள் எப்படியும் மாற்றவேண்டிய ஆண்டு வரும்போது, அந்தத் தெருவின் புல்லையும் சேர்த்து எடுத்தால், குழாய்க்கென்று ஏற்கெனவே சேர்த்த பணம் சொட்டுநீர்க் குழாய்க்குப் போகும். சாகப்போகும் புல்லுக்குப் புதுத் தெளிப்பான் வாங்கிப் புதைத்துவிட்டு, மூன்றாண்டில் அதைத் தோண்டி எடுப்பதைப்போல் வீண் வேறில்லை.

கலிஃபோர்னியா முழுவதையும் ஒரே நிறத்தில் தீட்டுவது சரியாகாது. சங்கங்கள் நிறைந்த இர்வைன் பகுதியில் இர்வைன் ராஞ்ச் நீர் மாவட்டம் 1991 முதலே நீர் ஒதுக்கீட்டு முறையைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும், நிலப்பரப்பையும் அந்த மாதத்து வெப்பத்தையும் வைத்து இவ்வளவு நீர் என்று அளவு குறிக்கிறார்கள். அளவுக்குள் நின்றால் மலிவு. தாண்டினால் விலை ஏறிக்கொண்டே போகும். பொதுத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சுத்திகரித்த மறுசுழற்சி நீர்தான் பாய்கிறது. அங்கே ஒரு சங்கத்தின் தண்ணீர் ரசீதே, தோட்டம் தேவைக்கு மேல் குடிக்கிறதா என்பதை மாதாமாதம் சொல்லிவிடும். லாஸ் வேகாஸின் கெடுவைவிட இது நாகரிகமான கருவி என்று சொல்வேன். அவசர ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, விலையே பேசுகிறது. விலையை அடுக்கடுக்காக உயர்த்தும்போது அது வழங்கும் செலவோடு பொருந்த வேண்டும் என்று 2015-இல் சான் வான் கபிஸ்ட்ரானோ நகரத்தின் வழக்கில் நீதிமன்றம் சொன்னதால், எல்லா ஊர்களாலும் அதை எளிதில் பின்பற்ற முடியவில்லை.

மரங்களின் விஷயத்தில் தராசு கலிஃபோர்னியாவின் பக்கம் சாய்கிறது. புல்லின் நடுவே நிற்கும் மரம் பல ஆண்டுகளாகத் தெளிப்பான் நீரைக் குடித்தே வளர்ந்திருக்கும். நாளும் மேலாகத் தெளிப்பதால் அதன் வேர்கள் மண்ணின் மேல் அடுக்கிலேயே படர்ந்திருக்கும். புல்லுக்கு நீரை நிறுத்தினால் முதலில் தாகம் எடுப்பது மரத்துக்கு. புல் வாரங்களில் காயும். மரம் ஓரிரு ஆண்டு சமாளித்து, கிளை நுனிகள் பட்டுப்போய், பிறகு சாகும். அதற்குள் ஒப்பந்தக்காரரும் மாறியிருப்பார், குழுவும் மாறியிருக்கும். லாஸ் வேகாஸில் புல்லெடுப்பை ஒட்டி மரங்கள் பட்டுப்போன புகார்கள் எழுந்தன. 2024 ஜூலையில் 120 ஃபாரன்ஹீட், அதாவது 48.9 செல்சியஸ் தொட்ட ஊரில் ஒரு நிழல் மரத்தை இழப்பது சிறு இழப்பல்ல. மரங்களைப் பற்றி யோசிக்காமல் புல்லை எடுத்துப் பாறைச்சல்லி கொட்டிய சங்கங்கள், வெயிலைத் தங்கள் வாசலுக்கே அழைத்துக்கொண்டன. கலிஃபோர்னியாவின் 2022 விதியும் 2023 சட்டமும் மரங்களையும் பல்லாண்டுச் செடிகளையும் காக்கத் தேவையான நீரைப் பாய்ச்சலாம் என்று எழுத்திலேயே வைத்திருக்கின்றன. வறட்சிச் சட்டம் எழுதும் எந்த மாநிலமும் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறை கடினமானதல்ல. புல்லுக்கு நீரை நிறுத்துவதற்கு ஒரு பருவம் முன்பே மரத்துக்கென்று தனிச் சொட்டுநீர்க் குழாய் போட வேண்டும். தூரில் ஊற்றக் கூடாது. கிளைகள் பரவிய விளிம்பையொட்டி வட்டமாக, நாள் இடைவெளி விட்டு, ஆழமாக நனைக்க வேண்டும். வேரைச் சுற்றி மரத்தூள் மூடாக்கு நல்லது. பாறைச்சல்லியைத் தண்டுவரை குவிப்பது கெடுதல். இதற்காகும் செலவு மொத்தத் திட்டத்தில் சிறு பங்குதான். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் மட்டும் யாரும் செய்ய மாட்டார்கள்.

எல்லாப் புல்லும் பகையல்ல. பெர்முடா என்று அங்கே சொல்லும் புல் நம் அருகம்புல்தான். ஃபெஸ்க்யூ என்ற புல் வகையைவிடக் குறைந்த நீரில் வெயிலைத் தாங்கும். குழந்தைகள் ஓடியாடும் ஒரு திடல் சங்கத்துக்கு வேண்டும். அதை அருகம்புல்லாக மாற்றி வைத்துக்கொண்டு, சாலையோரப் பட்டைகளை விட்டுவிடும் சங்கம் எதையும் இழக்கவில்லை. இரு மாநிலச் சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்கின்றன.

ஆக, என் தீர்ப்பு இது. பொதுப் புல்லையும் பட்ஜெட்டையும் பொறுத்தவரை லாஸ் வேகாஸின் வழி சிறந்தது: அளந்த எண், நிலையான மானியம், தள்ளி நிற்கும் ஆனால் நகராத கெடு. உறுப்பினரின் உரிமையிலும் மரங்களைக் காப்பதிலும் கலிஃபோர்னியா முன்னே நிற்கிறது. அவசரநிலைக்கு அவசரநிலை பாய்ந்து பாய்ந்து நின்ற அதன் பழைய முறை சங்கங்களின் பணத்தையும் தோட்டத்தையும் வீணாக்கியது. அதை அம்மாநிலமே 2023-இல் கைவிட்டது.

கலிஃபோர்னியாவில் சங்க உறுப்பினராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிதியாண்டு முடிவதற்கு 30 முதல் 90 நாள் முன்பு ஆண்டு பட்ஜெட் அறிக்கை உங்களுக்கு வரும். இந்த முறை அதைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். பாசனக் குழாய்களுக்கு மிச்ச ஆயுள் எத்தனை ஆண்டு என்று கையிருப்பு நிதிப் பக்கத்தில் பாருங்கள். 2029-க்குள் எந்தெந்தத் தெருப் புல், எந்த ஆண்டில், எந்தப் பணத்தில் மாறப்போகிறது என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். மரங்களுக்குத் தனிச் சொட்டுநீர்க் குழாய் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். குழுவிடம் பதில் இல்லையென்றால், அடுத்த தேர்தலில் நீங்களே நில்லுங்கள்.